உப்பு இரண்டு பொதி

எழுதிக்கொள்ளுங்கள் ராயசம் ஐயா,
துன்மதி வருஷம், ஐப்பசி, அடைமழை.
எந்த ஊர் என்றால் என்ன சொல்ல,
மாடு படுக்கிற இடம்.
வத்தலக்குண்டுச் சந்தையில் ஏற்றிய உப்பு, எட்டு மாடு,
தண்டிக்குடிக்கு மேலே கொண்டுபோய்
ஏலத்துக்கும் தேனுக்கும் மாற்ற.

ஓடை தாண்டியதும் அட்டைகள்.
கணுக்காலில் உப்பைக் கிள்ளித் தேய்த்துக்கொண்டிருந்தேன்.
அப்போதுதான்
மூடுபனி இருமியது.

இருமலுக்குப் பின்னால் ஆட்கள்.
முந்நூறு என்று போட்டால் துரைக்குப் பிடிக்கும்;
நான் எண்ணியது கால்களை. எழுபது இருக்கும்.
செருப்பு ஒருவனுக்குத்தான்,
அதுவும் ஒற்றை.

கலகக்காரர் என்றால் கூச்சல் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.
முதல் கேள்வியே "உப்பா?"
இருபது நாளாய்ச் சப்பென்ற சாமைக்கஞ்சி.
ஒரு பையன் விரலில் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டு
கண்ணைத் திறக்கவே இல்லை.

குகைக்குள் ஓட்டில் பரப்பி
நனைந்த வெடிமருந்தைக் காயவைத்திருந்தார்கள்,
கங்குக்கு ஒரு முழம் தள்ளி.
சிரிக்காதீர்கள்.
அங்கே தும்மக்கூட யாருக்கும் தைரியமில்லை.

எர்ரமல்லு என்று ஒருவன்,
பாதித் தெலுங்கு, பாதித் தமிழ்.
இடக்கையால் ஓலை கீறி, எழுத்துத் தெரியக் கரி பூசி,
எனக்குப் படிக்கத் தெரியாதென்று உரக்கப் படித்தும் காட்டினான்:
"உப்பு இரண்டு பொதி. பாளையம் மீண்டதும் தரப்படும்."

பிடுங்கிக்கொண்டு போயிருக்கலாம், யார் தடுத்தது?
நானும் என் தம்பி மகனும்தான்.
போன மாதம் சாவடியில் உங்கள் ஆள் இறக்கிக்கொண்ட பொதிக்கு
நான் ஓலை கேட்டேனா?
அதை எழுத வேண்டாம்.

இறங்கும்போது மழை விட்டிருந்தது.
விருப்பாச்சி வழியில், புளியமரத்தில்,
ஆறு பேர்.
முகத்தைப் பார்க்கவில்லை ஐயா. கால் பார்க்கிறவன் நான்.
கால்கள் என் கண்ணுக்கு நேரே இருந்தன,
கொஞ்சம் மேலே கைகளும்.
நாலாவது ஆளின் இடது நகக்கண்ணில்
கரி.

மாடுகள் நிற்கவில்லை. நானும் நிற்கவில்லை.

ஓலையா?
மாடு தின்றுவிட்டது.
உப்புக் கை பட்ட ஓலையை எந்த மாடு விடும்?

ஒன்று கேட்கலாமா,
பாளையத்தைக் கும்பினி எடுத்துக்கொண்டதாகத் தமுக்கடித்தார்களே,
காடு, கரை, குளம், கோட்டை எல்லாம் சேர்த்து.
அதன் கடனும் சேர்த்தியா?

சரி, விடுங்கள்.
கைக்கீறல் எங்கே வைக்க? இங்கேயா?