கத்திரியில் ஒரு நடுக்கம்

கடல் ஒரு மாதிரியாக இருக்கிறது என்று
முதலில் எனக்குச் சொன்னவை வண்டிச் சாவிகள்.
ஒரு மணி நேரமாவது ஆகும் திரும்பிவர,
சில்வர் பீச்சுக்கு வந்தவர்களுக்கு.
மூன்று நாளாகப் பத்தே நிமிடத்தில் வந்து
சாவித் துவாரம் தேடித்
தடுமாறுகிறார்கள்.
கை நடுங்குகிறது,
கத்திரி வெயிலில்.

தகரக் கொட்டகையில் நான்.
பைக்குக்குப் பத்து, காருக்கு முப்பது.
தேவனாம்பட்டினம் ரோட்டைப் பார்த்த ஜன்னல்.
பதினோரு வருஷமாக
கடலுக்கு முதுகு காட்டி உட்காரும் உத்தியோகம்.

ஐம்பத்தோராம் வயதில் என் உடம்பு
தனியாக ஓர் அடுப்பு வைத்துக்கொண்டது.
எப்போது பற்றும், எப்போது அணையும்
அதற்கே தெரியாது.
காது மடலில் பிடித்து
கழுத்தைச் சுற்றி
ரவிக்கைக்குள் இறங்கி
டோக்கன் கிழிக்கும் விரல்நுனி வரை வந்து
தாளை நனைக்கும்.
மஞ்சக்குப்பத்து டாக்டரம்மா
"எல்லாருக்கும் வர்றதுதாம்மா" என்றார்,
அடுத்த சீட்டை எடுத்தபடி.
எல்லாருக்கும் வருவதை
எவளும் என்னிடம் சொன்னதில்லை.

ஐஸ் வண்டி ஜெயசீலன்
பெட்டியின் மேலேயே தலைவைத்துத் தூங்குகிறான்.
சுக்கு காபி ரஹ்மத்பீக்கு
மத்தியானத்துக்குள் இரண்டாவது கேன்.
"மார்கழியிலகூட இப்படி ஓடலக்கா."
பிள்ளைகள் உதடெல்லாம்
நாவல்பழம் தின்ற நிறம்.
நெய்வேலியிலிருந்து வேன் பிடித்து வந்த ஒருவர்
இறங்கவே முடியவில்லை, காசைத் திருப்பிக் கொடு என்றார்.
வேனுக்குத்தான் டோக்கன் சார்,
கடலுக்கு நான் கொடுப்பதில்லை என்றேன்.

ஃபைபர் படகு வைத்திருக்கும் கலிவரதன் சொன்னான்:
"நாலு நாளா தெக்கத்திக் காத்து விடாம அடிக்குது.
மேத்தண்ணிய வெளிய தள்ளிடுச்சி.
இது அடித்தண்ணி. வெயிலே பாக்காதது."
அவ்வளவுதான்.
வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்,
பத்து ரூபாய் தராமல்.

வெயிலே பாக்காதது.
அடுத்த நாலு டோக்கனைத்
தப்பான இடத்தில் கிழித்தேன்.

மூன்றரை மணிக்கு
காசு டப்பாவை ரஹ்மத்பீ மடியில் வைத்துவிட்டு
எழுந்தேன்.
செருப்பைக் கொட்டகையிலேயே விட்டது என் முட்டாள்தனம்.
மணல் சுட்ட சூட்டில்
ஓட வேண்டியதாயிற்று.
நான் ஓடி இந்த ஊர் பார்த்ததில்லை.

முதல் அலை கணுக்காலில்
தோலைக் கேட்காமல்
நேரே எலும்பைத் தொட்டது.
அம்மாடி என்றேனா, கெட்ட வார்த்தை சொன்னேனா
நினைவில்லை.
இரண்டாவது முழங்காலில்.
சேலை கனத்தது.
மூன்றாவதற்கு நானே குனிந்தேன்.

சரியாக அந்த நேரம் பார்த்து
அடுப்பு பற்றியது.
காது மடல், கழுத்து,
வழக்கமான பாதையில்
அது கீழே இறங்க
இது மேலே ஏற
விலாவுக்கு அருகில் எங்கேயோ
இரண்டும் முட்டிக்கொண்டன.
யார் ஜெயித்தது என்று சொல்ல வராது.
பல் தந்தியடித்தது, நெற்றி வியர்த்தது,
இரண்டும் நான்தான்.
கத்தி அழலாம்போல இருந்தது
சிரிப்பாக வெளியே வந்தது.

விசில்.
"ஆயா! ஆழத்துக்குப் போகாத!"
மீசை அரும்பாத ஊர்க்காவல் பையன்.
ஆயாவா?
இடுப்பளவு தண்ணீரில் நின்று
அவனை ஒரு முறை முறைத்தேன்.
இன்னும் இரண்டு அடி போனேன்,
அவனுக்காகவே.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது
பிளாஸ்டிக் நாற்காலிக்கு அடியில்
சின்னதாக ஒரு குளம்.
ரஹ்மத்பீ ஒன்றும் கேட்கவில்லை;
டம்ளரை நீட்டினாள்,
காசு வேண்டாம் என்று தலையசைத்தாள்,
பிறகு டப்பாவிலிருந்து அவளே எடுத்துக்கொண்டாள்.

பண்ருட்டிப் பக்கத்து வண்டி ஒன்று நின்றது.
பின்னால் பெண், அவள் மடியில் குழந்தை.
"தண்ணி எப்படிக்கா இருக்கு?"
பதினோரு வருஷமாகக் கேட்கிறார்கள்.
நல்லா இருக்கும் என்றுதான் சொல்வேன்,
கால் நனைக்காமலேயே.
இன்றைக்கு வாய் திறந்தேன்.
மேற்பல்லும் கீழ்ப்பல்லும் சேர மறுத்தன.

"சில்லறையா குடுங்க" என்றேன்.