செவிவழிச் சாட்சியம்

என் நித்திரையை நான் கண்டதில்லை.
லோஜினி சொல்லித்தான் தெரியும்.
நான் வேலை செய்கிற இடத்தில் இதற்குச்
செவிவழிச் சாட்சியம் என்று பெயர்,
இலேசில் ஏற்கமாட்டார்கள்.
பதினொரு வருடம் நானும் ஏற்கவில்லை.

"குறட்டை பரவாயில்லையப்பா,
அது நிக்கிறதுதான்" என்றாள்.
நின்றதும் எண்ணத் தொடங்குவாளாம்.
காலி வீதியில் கடைசி பஸ் போய்
கரையோர ரயில் இன்னும் வராத நேரம்,
வெள்ளவத்தை மூன்றாம் மாடியில் ஒருத்தி
என் விலாவில் கையை வைத்தபடி
இருபத்தெட்டு, இருபத்தொன்பது என்று
இருட்டுக்கு இலக்கம் போடுகிறாள்.
முப்பத்தைந்தில் குத்துவதென்று
தனக்குள் ஒரு சட்டம்.

காலையில் எனக்குத் தலை கல்.
அவளுக்குக் கண் சிவப்பு.
தேத்தண்ணிக்குச் சீனி போட்டதா இல்லையா என்று
சண்டை பிடிப்போம்.

பிறகு மகளின் அறைக்குப் போய்ப் படுத்தாள்.
சுவர் மெல்லியது.
அங்கிருந்தும் எண்ணினாள்.

மகளின் பரிசளிப்பில் உறங்கினேன்.
செத்தவீட்டில் உறங்கினேன்,
"ஆள் நல்லாப் போடுவார் போல" என்றது பின்வரிசை.
பம்பலப்பிட்டிச் சிவப்பு விளக்கில் உறங்கியபின்
கார்ச் சாவி அரிசி வாளிக்குள் போனது.

இதெல்லாம் போகட்டும்.
ஆவணி மாதம். புதுக்கடை நீதிமன்றம்.
கூண்டில் ஒரு பெண், கொச்சிக்கடையில் மீன் வெட்டுகிறவள்.
அவள் தமிழில் சொல்வாள்,
நான் சிங்களத்தில் சொல்லவேண்டும்.
சொன்னாள்.
வாயைத் திறந்தேன்.
அவளுடைய வசனம் என்னிடம் இல்லை.
நீதவானின் பேனை அந்தரத்தில் நின்றது.
எவ்வளவு நேரம் நின்றதோ.
"திரும்பச் சொல்லுங்கோ அம்மா."
சொன்னாள். அதே சொற்கள், ஒன்றும் குறையவில்லை.
அழுகை மட்டும்
முதல் தடவையோடு போய்விட்டது.
நான் மொழிபெயர்த்தது இரண்டாவதை.
வழக்கேட்டில் இருப்பதும் அதுதான்.

அந்தக் கிழமை வைத்தியரிடம் போனேன்.
தலையிலும் நெஞ்சிலும் வயர் ஒட்டி
ஓர் இரவு படுக்கவைத்து
மூச்சு நிற்பது மணிக்கு நாற்பத்திரண்டு தடவை என்றார்.
லோஜினி கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு
"நான் நாற்பதெண்டு நினைச்சன்" என்றாள்.

மெஷின் மாதத் தவணைக்கு வந்தது.
முகமூடி மூக்கின்மேல் தழும்பு போடுகிறது.
குழாயோடு என்னைப் பார்த்து மகள்
முதலில் சிரித்தாள்,
பிறகு கதவை மெல்லச் சாத்தினாள்.
மூன்றாம் இரவு கழற்றி எறிந்தேன்.
ஆறாம் இரவு கனவு வந்தது.
எத்தனை வருடம்!
பெரிதாய் ஒன்றுமில்லை,
வெள்ளவத்தை வாய்க்காலில் யாரோ ஒருவர்
குடை கழுவிக்கொண்டிருந்தார்.

விழித்தபோது ஐந்தரை.
லோஜினி எப்போதோ திரும்பி வந்து
என் பக்கத்தில் படுத்திருந்தாள்,
ஆழ்ந்த நித்திரை.
உதடு மட்டும் அசைந்தது.
குழாயை ஒதுக்கிக் குனிந்து கேட்டேன்.
பதினேழு.
பதினெட்டு.