ஏழாம் குழியின் இடது ஓரம்

அந்த ஒரு வாரம்
ஏரிக்காற்றிடம்கூட நுழைவுச்சீட்டு கேட்டார்கள்.
விஸ்கான்சினில் ஜூன்.
நாளுக்கு இருமுறை வெட்டி, உருளை ஓட்டி
கிரீனைக் கண்ணாடியாக்கினோம்.
மூச்சு விட்டால் பந்து நகரும்.

நாற்பத்தைந்து கெஜ ஃபேர்வேயை
இருபத்துநாலாக ஒடுக்கச் சொன்னார்கள்.
ஒடுக்கினேன்.
இருபுறமும் கணுக்காலை விழுங்கும் புல்.
நூற்றைம்பத்தாறு பேர் வந்தார்கள்,
நூற்றைம்பத்தாறு பேரும்
ஒரே பாய் அளவு நிலத்துக்கு அடித்தார்கள்.
இடதா வலதா என்று
ஏழாம் குழியில் ஒருவரும் நின்று யோசிக்கவில்லை.
யோசிக்க அங்கே என்ன இருந்தது?

கூடாரங்கள் போயின.
கோப்பை போயிற்று.
'இப்படியே இருக்கட்டும், லெனார்ட்' என்றார்
கமிட்டித் தலைவர் ஹால்வர்சன்,
'டிவியில் எவ்வளவு அழகாக இருந்தது!'
புலியைப் பார்த்துச் சூடு போட்டுக்கொண்ட பூனைக்கு
வலி தெரியாது போலும்,
வலித்ததெல்லாம்
வியாழக்கிழமைக்காரர்களுக்கு.

பள்ளிப் பேருந்து ஓட்டும் ஆர்லீன் புரோகோப்,
நூற்றுமுப்பது கெஜம் அடிப்பாள்,
அடித்ததெல்லாம் வலப்புறம் வளையும்.
ஏழுக்குள் ஒன்பது பந்து போயிற்று.
முட்டிவலி டீன் ஊல்ரிக்
குனிந்து குனிந்து தேடி
யாரோ தொலைத்ததைக் கண்டெடுத்தார்.
நாலு மணி நேர ஆட்டம் ஆறானது.
ஆகஸ்டில் பாதிப் பேர் வரவில்லை.

நான் சம்பளக்காரன், எதிர்த்துப் பேசவில்லை.
செவ்வாய்தோறும் விடியுமுன்
ஏழாம் குழியின் இடது ஓரத்தில்
கூடுதலாக ஒரே ஒரு சால் ஓட்டினேன்.
ஒரு வாரத்துக்கு ஒரு வெட்டு அகலம்.
வரைபடத்துக்குத் தெரியாது.
ஹால்வர்சனுக்கும்.
செப்டம்பரில்
குட்டைப்புல் ஓடைக்கரையைத் தொட்டது.

டீயில் நின்ற ஆர்லீன்
மட்டையை உயர்த்தி, இறக்கினாள்.
'இங்கே இப்படி இருந்ததில்லையே?'
'ஓடை நகர்ந்துவிட்டது போல' என்றேன்.
என்னை ஒரு பார்வை பார்த்தாள்,
தண்ணீரை ஒரு பார்வை.
பிறகு தண்ணீரை நோக்கியே அடித்தாள்.

போனது, போனது,
தன் பழைய கோணலில் வலமாக வளைந்து
கரைக்கு நாலடி இப்பால் விழுந்து
உட்கார்ந்தது.
அங்கிருந்து பார்த்தால்
கிரீன் முழுவதும் திறந்து கிடக்கும்.
வலப்புறப் பங்கர் தெரியாது.

மறுநாள் காலை
குழி வெட்டும் கருவியோடு வெகுநேரம் நின்றேன்.
பிறகு வலது மூலைக்குப் போய்,
பங்கருக்கு நேர் பின்னால்
வெட்டினேன்.