பதர்

மன்னார்குடி, மேல ராஜவீதி, மாடியில் என் லேப்.
பாட்டிலின் அடியில் பட்டாணி அளவு சதை.
சீட்டில் கண் டாக்டரின் அவசரக் கையெழுத்து:
வைரக்கண்ணு, 58, வலது மேல் இமை.
கண்கட்டி என்று இருமுறை சுரண்டியது.
மூன்றாம் முறையும் வந்துவிட்டது.
கடைசியில், பேனா அழுந்திய இடத்தில்,
எண்ணெய்ச் சுரப்பிப் புற்றா?

அந்த வயதில் திரும்பத் திரும்ப வரும் இமைக்கட்டியை
யாரும் நல்லதாக நினைப்பதில்லை. நானும்தான்.

பரிமளம் மெழுகைச் சீவும்போது
கத்தி நறநறத்தது.
"சோத்துல கல்லு மாதிரி, மேடம்."
புதுக் கத்தி மாட்டினாள். அதிலும் பல் விழுந்தது.
சுண்ணாம்பு படிந்திருக்கிறது.
புற்று இப்படிக் கடிபடாது என்று நம்ப ஆசை.
ஆசையை ரிப்போர்ட்டில் எழுத முடியாது.

மதியம் கரண்ட் இல்லை.
இன்வெர்ட்டர் வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது
ஓரத்து நீலம்: நாற்றங்கால் நெருக்கத்தில்
கருத்த செல்கள். வயிறு கலங்கியது.
ஸ்லைடை ஒரு மயிரிழை நகர்த்தினேன்.
நீலம் வெளிறி இளஞ்சிவப்பாயிற்று.
செல்லின் கோடு இருக்கிறது,
கரு இல்லை.
கரு இருந்த இடம் மட்டும் வெள்ளையாக.

புத்தகம் இதை ஆவி செல் என்கிறது.
பால் பிடிக்கிற நேரத்தில் மழை கொட்டினால்
கதிர் இப்படித்தான் நிற்கும்,
பார்வைக்கு முழுசாக.

மயிர்க்காலின் வேரில் கிளம்புகிற கட்டி.
இமையில் அபூர்வம். தீங்கில்லாதது.
ஆனாலும் ஓரத்து நீலத்தில்
பிளவுபடும் செல்களை எண்ணினேன்,
விளிம்பு சுத்தமா என்று மறுபடி பார்த்தேன்,
தஞ்சாவூர் சீனியருக்குப் படம் அனுப்பினேன்.
இரவு பத்தரைக்கு ஒரு வரி வந்தது:
"அதேதான். இருபது வருஷத்தில் இமையில் எனக்கு ரெண்டு."

மறுநாள் அவரே ரிப்போர்ட் வாங்க வந்தார்.
கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவர்.
இமையில் தையல், தலையில் துண்டு.
என்ன இருந்துச்சு உள்ள, என்றார்.
பதர் என்ற சொல் நாக்கு வரை வந்தது.
எடையில் அதற்கென்று கழிக்கிற ஊரில்
ஒருவர் முகத்துக்கு நேரே சொல்லக் கூடாது.
"முடியாக வேண்டியது, ஆகாமப் போச்சு. பயமில்லை."
துண்டை அவிழ்த்து வழுக்கையைத் தடவினார்.
"முளைக்க வேண்டிய எடம் இங்கல்ல இருக்கு!"

பாக்கி நானூறு. எண்ணி வைத்தார்.
நோட்டு மடிப்பில் நெல்லுச் சுணை.
அன்று சாயங்காலம் வரை
என் விரல் அரித்துக்கொண்டிருந்தது.