மஞ்சள் காதுமூடி

சீட்டுக்கட்டு எல்லோரிடமும் இருக்கிறது.
நாணயம், கயிறு, கறுப்புத் துணி எதுவும் வேண்டாமென்று
செம்பனை ஆலை ஸ்டோரிலிருந்து
ஒரு மஞ்சள் காதுமூடி எடுத்துவந்தேன்.
கையெழுத்துப் போட்டுத்தான். எண் பதினான்கு.
பிளாஸ்டிக் உறைகூடப் பிரிபடவில்லை.
ஆடிட் அன்றைக்கு மட்டும்
புறப்பாடு காணும் உற்சவர் அது.

யோசனை இவ்வளவுதான்:
காதை அடைத்தால் எவருக்கும் ஓர் இரைச்சல் கேட்கும்.
சொந்த ரத்தம் ஓடுகிற சத்தம். அதற்குப் பெயர் கிடையாது.
பெயரை நான் வைப்பேன்,
தாங்களே வைத்ததாக நினைத்துக்கொள்வார்கள்.
ஒட்டிய கடித உறைக்குள்
முந்தைய நாளே எழுதிவைத்த ஒரு சொல்: மழை.

முதல் ஆள் ரொஃபிகுல்.
பாய்லர் பக்கம், இரவு ஷிப்ட்,
ரொட்டி தின்ற கையோடு மாட்டிக்கொண்டான்.
"சுங்கை" என்றான்.
அவன் தேசம் முழுக்க ஆறுதான்;
ஆனாலும் தப்பு என்னுடையது.
"ஏதாவது ஓடுதா" என்று கேட்டுவிட்டேன்.
நோட்டில் 'ஓடுதா'வை அடித்தேன்.

போர்மேன் ஹம்சா "ஏர்கோன்" என்றார்.
ஆலையில் அவர் அறையில் மட்டும்தான் அது இருக்கிறது.

பிறகுதான் வசனத்தில் கொஞ்சம் தகரம் சேர்த்தேன்.
"இந்தக் கூரை தகரம், எதிரொலிக்கும், மன்னிக்கணும்"
என்றபடி மைக்கைச் சரிபார்ப்பதுபோல
விரல்நுனியால் நாலைந்து சொட்டு.
நாற்காலியில் சாத்திவைத்த குடை,
அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசக்கூடாது.
மூடியை மாட்டும்போது என் தோளை லேசாகக் குறுக்குவேன்,
நனையப் போகிறவன் குறுக்குகிறானே, அப்படி.
அதற்குப்பின் பதினோரு பேர். பதினோரு மழை.
லாரி ஓட்டும் ஆ சின்கூட
"ஹூஜான்" என்று சொல்லி மேலே பார்த்தான்.

ஈஜோக் பாலாய் ராயா.
ஆலைக்காரர்களின் வருடாந்திர விருந்து.
மீஹூன் தீர்ந்து ஐஸ்கிரீம் வராத இடைவெளி எனக்கு.
யார் வருகிறீர்கள் என்றதும்
புஷ்பலீலா அக்காவைத் தள்ளிவிட்டார்கள்.
பிரஸ் பகுதியில் பத்தொன்பது வருடம்.
பேசுகிறவர் வாயையே பார்ப்பவர்.
அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

தகரம் சொன்னேன். தட்டினேன். குடை. தோள்.
மூடியை மாட்டினேன்.
உப்புப் பார்ப்பவர்போல் கொஞ்சம் நின்றார்.
"பிரஸ் ஓடுது" என்றார்.

சிரித்தார்கள்.

"இல்லப்பா, எப்பவும் ஓடுறதுதான். வீட்லயும் ஓடும்.
படுத்தா இன்னும் நல்லா கேக்கும்."

சிரிப்பு எங்கே நின்றதென்று இப்போதும் காட்டுவேன்:
மூன்றாவது மேசை, ஹம்சா உட்கார்ந்திருந்த பக்கம்.

உறையைக் கிழித்தேன்.
தாளை என் பக்கமாகத் திருப்பி
"பிரஸ்" என்று படித்தேன்.
கைதட்டல். விசில். யாரோ மேசையைக் குத்தினார்கள்.
தாளில் இருப்பது
பக்கத்தில் நின்றவருக்கு மட்டும் தெரியும்.
படித்தார். சபையைப் பார்த்துத் தலையாட்டினார்.
"சரிதான். அதேதான் எழுதியிருக்கு."

படியிறங்கும்போது மெதுவாகச் சொன்னார்,
மெதுவாக என்று அவர் நினைத்த குரலில்:
"மழைன்னே சொல்லியிருப்பேன் தம்பி.
அவ்வளவு ஆசையா
குடையெல்லாம் கொண்டாந்திருந்த."

திங்கட்கிழமை எண் பதினான்கைத் திருப்பிக் கொடுத்தேன்.
ஸ்டோர்காரன் துடைத்து, புது உறையிலிட்டு,
மற்ற இருபத்து மூன்றோடு அடுக்கினான்.
"ஷோ எப்படி?" என்றான்.
சுவருக்கு அந்தப் பக்கம் பிரஸ் ஓடிக்கொண்டிருந்தது.
அவன் வாயைப் பார்த்துத்தான்
புரிந்துகொண்டேன்.