அரை விழுக்காடு

ஜனவரியில் என்னிடம் இருந்தவை:
நாலாயிரத்து இருநூறு கம்பெனிகளின் பட்டியல்,
தவணை முடியாத பழைய டொயோட்டா,
மூன்று மாதச் சோதனைக்காலம்.

மற்ற தரகர்கள் கோல்ஃப் திடலில் ஆள் பிடித்தார்கள்.
எனக்கு மட்டையும் தெரியாது,
மட்டை பிடிக்கிறவர்களையும் தெரியாது.
டர்பன் ஃபீனிக்ஸில், சமையலறை மேசையில்,
சேமநிதிகளின் ஆண்டறிக்கைகளை விரித்தேன்.
மின்வெட்டுக்கு முன் பதினாறு பக்கம்,
விளக்கு வந்தபின் மிச்சம்.

எதைத் தேடுவது?
போகப்போகத் தெரிந்தது.
கட்டணம் ஊர் வழக்கத்தைவிட இருமடங்கு என்றால்
மஞ்சள் மை.
ஒன்பது ஆண்டாக அதே தரகர்,
ஒருமுறைகூட யாரும் கேள்வி கேட்டதில்லை, மஞ்சள்.
ஏழாம் தேதிக்குள் கட்டவேண்டிய சந்தா
பத்தொன்பதில் வந்திருந்தால்
மஞ்சள் போதாது, சிவப்பு.
ஒழுகுகிற வீடு எதுவென்று தெரிந்தால்தானே
ஓடு விற்கலாம்.

மார்ச் நடுவில் சிவப்பு நிறைந்த ஒரு பக்கம்:
பீட்டர்மாரிட்ஸ்பர்க், காலணித் தொழிற்சாலை,
இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.
“எங்கள் கட்டணம் எங்களுக்கே தெரியாதே,
உனக்கு எப்படி?”
தொலைபேசியில் முதலாளி வாவ்டா சிரித்தார்.
பிறகு சிரிக்கவில்லை.
மாலையே உறுப்பினர் அட்டவணையை அனுப்பினார்.

அதில் பெயர் இல்லை.
எண், பிறந்த ஆண்டு, சேர்ந்த ஆண்டு,
சம்பளம், இருப்பு.
அறுபத்தோராம் வரிசையில் நின்றேன்.
1966. 1984.
நாற்பத்தோரு ஆண்டு உழைப்பு.
இருப்பு, ஏறக்குறைய என் டொயோட்டாவின் விலை.

பேச்சுக்கு அந்த ஒரு வரிசை போதும் என்று
அப்போதே தெரிந்துவிட்டது.
சொல்ல வெட்கம்தான். சொல்கிறேன்.

வாவ்டாவின் மேசையில் அந்தத் தாளை வைத்தேன்.
பழைய தரகர் தின்றது எவ்வளவு,
நான் வந்தால் மிஞ்சுவது எவ்வளவு.
கால் மணி நேரம்.
கையெழுத்து.

வெளியேறும் வழி தொழிற்கூடத்தின் ஊடே.
பசை நெடி கண்ணைக் கரித்தது.
முகம் முகமாக
ஓர் எண்ணைத் தேடிக்கொண்டு நடந்தேன்.
அடித்தோல் ஒட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.
பெக்கிசிசா என்று மேலங்கியில் தைத்திருந்தது.
“பென்ஷன் பொண்ணா?
என்னை எப்போ வீட்டுக்கு விடுவாங்க?”
எப்போது சேர்ந்தீர்கள் என்றேன். எண்பத்துநாலு.
பிறந்தது?
“அடையாளப் புத்தகத்துல அறுபத்தாறு.
அம்மா சொன்னது அறுபத்திரண்டு,
மாடெல்லாம் செத்த வருஷம்.
எழுதின வெள்ளைக்காரனுக்கு
மத்தியானச் சாப்பாட்டு நேரம்.”
சொல்லிவிட்டுத் தூரிகையைப் பசையில் தோய்த்தார்.

நாலு ஆண்டு.
எந்தக் கட்டத்திலும் இல்லாத நாலு ஆண்டு
இன்னும் ஒட்டவேண்டும் அவர்.

மேரியன்ஹில் சுங்கச்சாவடியில் வண்டிகள் நின்றன.
கணக்குப் பார்த்தேன்.
அறுபத்தோராம் வரிசையிலிருந்து எனக்கு வருவது
அரை விழுக்காடு,
மாதம் நாற்பது ரேண்ட்.
ஒரு பீன்ஸ் பன்னி, கால் ரொட்டியில்.
பழைய தரகர் முழு ரொட்டி தின்றார்
என்பது ஆறுதலா?
பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது.

இரவு அட்டவணையில் ஒரு நிரல் கூட்டினேன்:
அவர் சொல்லும் பிறந்த ஆண்டு.
ஒரே கட்டத்தில் 1962.
மற்ற இருநூற்றுப் பதினொன்றும் காலி.
உள்துறை அலுவலகத்துக்கு ஒரு கடிதம், பாதியில் நிற்கிறது.
சாட்சிக்கு அம்மா வேண்டுமாம்.
அவள் போய்ப் பதினெட்டு வருஷம்.

ஏப்ரலில் வேலை நிரந்தரமாயிற்று.
எனக்கும் இப்போது ஒரு சேமநிதி உண்டு,
ஏதோ ஒரு பட்டியலில், பெயரில்லாமல்,
பிறந்த ஆண்டும் சம்பளமுமாக நானும்.
இந்த ஊரில் எங்கோ ஒரு மேசையில்
யாரோ
மஞ்சள் பேனாவின் மூடியைத் திறக்கிறார்கள்.