கழுத்துப் பிடிப்பு, எண் பதினேழு

பலகையில் பெயர் ஓடியபோது
வேறு யாரோ என்று நினைத்தேன்.
லான்ஜோ நகரத்தில் எத்தனையோ லுவான் பெய்ஜூன்கள் இருக்கலாம்.
கதவைத் திறந்தது இவன்தான்.
கம்பளித் தொப்பியும் டீசல் வாடையுமாக,
தலை ஒரு பக்கம் சாய்ந்து,
யாரோ கூப்பிட்டதற்குத் திரும்பப் போய்
பாதியில் நின்றுவிட்டவனைப் போல.

"உட்காருங்கள்" என்றேன்.
ஒன்பது வருட மண வாழ்க்கையில்
ஒருமுறையும் சொல்லாத 'ங்கள்'.

எங்கள் மொழியில் இந்த நோய்க்குப் பெயர்
தலையணை நழுவல்.
தூக்கத்தில் தலை தவறிவிட்டது, அவ்வளவுதான்.
யார் வீட்டுத் தலையணை என்ற கேள்வி
படிவத்தில் கிடையாது.

மணிக்கட்டில் மூன்று விரல் வைத்தேன்.
நாடி பார்க்கிறவளுக்கு மூச்சு சீராக இருக்க வேண்டும்,
நோயாளியின் துடிப்பை எண்ண
எங்கள் மூச்சுதான் அளவுகோல்.
இரண்டு முறை கணக்குத் தவறியது.
அவன் நாடி, இழுத்துக் கட்டிய கம்பி.
என்னுடையதை யாரும் பார்க்கவில்லை.

தூக்கம்?
ஷின்ஜியாங் சாலையில், லாரியிலேயே.
வியர்வை?
இல்லை.
வாயில் கசப்பு?
யோசித்தான். "காலையில் மட்டும்."
நாக்கை நீட்டுங்கள்.
நீட்டினான்.
நடுவில் வெள்ளைப் படிவு, ஓரத்தில் பல் தடம்.
அது என்னைச் சொன்னதெல்லாம்
அதன்மேல் எங்கும் எழுதியிருக்கவில்லை.
'குளிர், ஈரம்' என்று குறித்துக்கொண்டேன்.

புறங்கையில், இரண்டு விரலெலும்புகளின் நடுவே
முதல் ஊசி.
கழுத்துக்கு வலி, கையில் ஏன் என்று
புதியவர்கள் கேட்பார்கள். அவன் கேட்கவில்லை.
திருகினேன். தசை கவ்வியது.
"மெல்லத் திரும்புங்கள். இடப்பக்கம்.
சரி. இனி வலப்பக்கம்."
வலப்பக்கம் நான் நின்றிருந்தேன்.
விளக்கு அங்கேதான் இருக்கிறது, வேறு காரணமில்லை.
துருப்பிடித்த தாழ்ப்பாள் நகர்வதுபோல்
கொஞ்சம் கொஞ்சமாக வந்தது முகம்.
"வலிக்கிறதா?"
"இது வரைக்கும் இல்லை."

பிறகு குப்புறப் படுக்க வைத்து
காற்றுக்குளத்தில் இரண்டு,
தோள்கிணற்றில் இரண்டு
(உடம்பில் இத்தனை நீர்நிலைகளை வெட்டியது யாரோ),
முதுகெலும்பின் ஓரம் நான்கு.
இருபது நிமிடம்.
மாசிப்பத்திரிச் சுருட்டைப் பற்றவைத்து
தோலுக்கு இரண்டு விரல் மேலே பிடித்திருந்தேன்.
இந்தப் புகை கோட்டைவிட்டுப் போக மூன்று நாளாகும்.
வீட்டில் அவள் கேட்பாள்.
ஆஸ்பத்திரி என்பான். உண்மையும் அதுதான்.
அசையக் கூடாது என்பது அவனுக்கு விதி.
பேசக் கூடாதென்று எனக்கொரு விதியுமில்லை.
சுவருக்குள் வெந்நீர்க் குழாய் மட்டும்
இருமிக்கொண்டிருந்தது.

ஊசிகளை எடுத்தேன்.
கண்ணாடிக் குவளைக்குள் நெருப்பைக் காட்டி
அணைந்த நொடியில் முதுகில் கவிழ்த்தேன், ஆறு.
தோல் உள்ளே எழும்பி
கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது.
ஒரு வாரத்தில் மறையும்.
இன்று குளிக்க வேண்டாம்.
அதிமதுரம், இலவங்கக் குச்சி, இஞ்சி மூன்று வில்லை;
இரண்டு தடவை காய்ச்சி
இரண்டையும் கலந்து குடிக்க வேண்டும்.
"தெரியும்" என்றான்.
தெரியும்தான்.
என் மண்சட்டியை அடிப்பிடிக்க விட்டவன்.

அவன் போன பிறகு தட்டில் எண்ணினேன்.
போட்டது ஒன்பது. இருந்தது எட்டு.
கட்டிலடியில், விரிப்பின் மடிப்பில், என் சட்டைக் கையில்.
பிறகு ஓடினேன்
மூன்றாம் மாடி நடைவழியில், வெள்ளைக் கோட்டோடு,
"பெய்ஜூன், நில்லு!"

லிஃப்ட் வாசலில்
தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றவன்
திரும்பினான்.
வலப்பக்கமாக. முழுசாக.
பிடரி முடிக்குள் மின்னியது ஒன்பதாவது.
"குனி" என்றேன். குனிந்தான்.
எடுத்த இடத்தில் கடுகளவு ரத்தம்.
பஞ்சு வைத்து அழுத்தினேன்.
லிஃப்ட் வந்து, திறந்து,
யாரும் ஏறாததால் மூடிக்கொண்டது.

என் அறையில் எண் பதினெட்டு,
இறைச்சிக் கடைக்காரி, தூக்க முடியாத தோளோடு
சத்தம் போட ஆரம்பித்திருந்தாள்.